அருகிலுள்ள பாடசாலைக்கு உரிய பிள்ளை

கொழும்பில் ஒரு பிள்ளைக்கு ஐந்து வயது நெருங்கினால் வீட்டுப் பேச்செல்லாம் தூரத்தைப் பற்றியதாகிவிடும். அரச பாடசாலைகளின் தரம் 1 அனுமதிக்காகக் கல்வி அமைச்சு ஆண்டுதோறும் வெளியிடும் சுற்றுநிருபம், இடங்களில் 50 வீதத்தை அண்மையில் வசிப்போரின் பிள்ளைகளுக்கு ஒதுக்குகிறது. பழைய மாணவரின் பிள்ளைகளுக்கு 25 வீதம். வாக்காளர் இடாப்பு, காணி உறுதி, வாடகை ஒப்பந்தம், மின்கட்டணச் சிட்டை என்று கோப்புகள் சேரும். வீட்டுக்கும் விரும்பிய பாடசாலைக்கும் நடுவே பிள்ளை சேரக்கூடிய இன்னொரு பாடசாலை இருந்தால் புள்ளி குறையும். தெஹிவளையிலும் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் குடும்பங்கள் வாடகை வீடு மாறுவதுகூட இந்தக் கணக்கை வைத்துத்தான். இவ்வளவு நுட்பமாகத் தூரத்தை அளக்கும் அரசு, பிள்ளைக்குக் கண் தெரியாது என்றோ, காது கேளாது என்றோ, நடக்க முடியாது என்றோ, ஓட்டிசம் உண்டு என்றோ அறிந்தவுடன் அளவுகோலைக் கீழே வைத்துவிடுகிறது. அந்தப் பிள்ளைக்கு உரிய பாடசாலை எது என்ற கேள்விக்கு, அருகில் இருப்பது என்ற விடை திடீரெனப் பொருந்தாமல் போகிறது. ‘வசதியுள்ள இடம் எங்கே இருக்கிறதோ அங்கே கொண்டு போங்கள்’ என்பதே வழக்கமான பதில்.

உட்படுத்தல் கல்வி பற்றிய விவாதம் நம்மிடையே பெரும்பாலும் இரக்கம், மனப்பாங்கு, விழிப்புணர்வு ஆகிய சொற்களைச் சுற்றியே நடக்கிறது. விவாதம் தொடங்கவேண்டிய இடம் தரம் 1 அனுமதி என்பது இக்கட்டுரையின் வாதம். வசதி எங்கே உள்ளதோ அங்கே பிள்ளை போகவேண்டும் என்ற ஒழுங்கில்தான் இலங்கையின் விசேட கல்வி நூறாண்டுக்கு மேலாக வளர்ந்திருக்கிறது. பிள்ளை எங்கே வசிக்கிறதோ அங்கே வசதி போய்ச் சேரவேண்டும் என்று அந்த ஒழுங்கைத் திருப்பாதவரை, எத்தனை கொள்கை அறிக்கைகள் வந்தாலும் உட்படுத்தல் நடக்காது. தமிழ் மொழிமூலம் கற்கும் பிள்ளைகளின் வரலாறு இந்த உண்மையைப் பிற எவருடையதையும்விடத் தெளிவாகக் காட்டுகிறது.

அந்த வரலாறு தெஹிவளையிலேயே தொடங்குகிறது. இங்கிலாந்திலிருந்து வந்த மிஷனரி மேரி சப்மன், காது கேளாத, கண் தெரியாத பிள்ளைகளுக்கான இலங்கையின் முதற் பாடசாலையை 1912இல் இங்கேதான் ஆரம்பித்தார். சில ஆண்டுகளில் அது காலி வீதி வழியே தெற்கே சென்று இரத்மலானையில் நிலைகொண்டது. அதே சப்மன் 1920இல் ரங்கூனிலும் செவிப்புலனற்றோருக்கு ஒரு பாடசாலை அமைத்தார். கடலுக்கு அப்பால் திருநெல்வேலிச் சீமையின் பாளையங்கோட்டையில் புளோரன்ஸ் சுவெய்ன்சன் என்ற மிஷனரி 19ஆம் நூற்றாண்டின் கடைசி ஆண்டுகளிலேயே அத்தகைய பாடசாலையைத் தொடங்கியிருந்தார். இந்தப் பெண்கள் செய்ததைக் குறைத்து மதிப்பிட எவருக்கும் உரிமையில்லை. முற்பிறப்பின் வினை என்று சொல்லி மூலையில் உட்கார வைக்கப்பட்ட பிள்ளைகளுக்கு எழுத்தையும் தொழிலையும் நண்பர்களையும் கொடுத்த முதல் இடங்கள் அவைதான். அவர்களுடைய காலத்தில் வேறு வழியும் இருக்கவில்லை. பிரெயில் தெரிந்த ஆசிரியர் நாட்டில் ஒருவரோ இருவரோ என்றிருக்கும்போது பிள்ளைகளை அவர்களிடம் கூட்டி வருவதே நியாயமான முறை. ஆகவே விடுதியோடு கூடிய பாடசாலை பிறந்தது. ஆனால் அந்த நியாயம் ஒரு தட்டுப்பாட்டிலிருந்து எழுந்தது என்பது நாளடைவில் மறந்துபோயிற்று. ஆசிரியர் பற்றாக்குறையால் எடுத்த முடிவு, பிள்ளையின் இயல்பால் தேவைப்பட்ட முடிவு என்று நம்பப்படலாயிற்று.

1945இல் சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கராவின் இலவசக் கல்வி வந்தபோதும் இந்த நம்பிக்கை அசையவில்லை. பாலர் வகுப்பிலிருந்து பல்கலைக்கழகம் வரை கட்டணமில்லை என்று அறிவித்த நாடு, உடற்குறையுள்ள பிள்ளைகளின் கல்வியை மிஷன்களிடமும் தருமநிதிகளிடமும் விட்டு, உதவி நன்கொடை வழங்குவதோடு நின்றது. அரச உதவி பெறும் விசேட பாடசாலை என்ற வகை இன்றும் அப்படியே நீடிக்கிறது. கல்வி ஏனைய பிள்ளைகளுக்கு உரிமையான அதே காலத்தில், இவர்களுக்கு அது தருமமாகத் தொடர்ந்தது.

பிறகு மொழி வந்தது. தனிச் சிங்களச் சட்டம் வந்த 1956 இலங்கைத் தமிழர் நினைவில் எப்படி நிற்கும் ஆண்டு என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. அதே ஆண்டில் யாழ்ப்பாணம் கைதடியில் நஃபீல்ட் பாடசாலை தொடங்கியது. தமிழ் பேசும் செவிப்புலனற்ற, விழிப்புலனற்ற பிள்ளைகளுக்காக எழுந்த அந்தப் பாடசாலை வடக்குக்குச் செய்த சேவை மிகப் பெரிது. ஆனால் விசேட பாடசாலை ஒழுங்கில் தமிழ் மொழிமூலத்துக்குரிய பிரதான இடம் கைதடி என்று ஆனபோது, தலைநகரில் வாழும் தமிழ்ப் பிள்ளைக்கு என்ன நேர்ந்தது என்று எண்ணிப் பார்க்கவேண்டும். இரத்மலானைப் பாடசாலை தெஹிவளையிலிருந்து ஒரே பஸ்ஸில் எட்டும் தூரத்தில் இருக்கிறது. கைதடி ஏறக்குறைய 400 கிலோமீற்றர். தாய்மொழியில் கற்கவேண்டும் என்றால் வீட்டை விட்டுப் போகவேண்டும். வீட்டில் இருக்கவேண்டும் என்றால் மொழியை விடவேண்டும். போர் வந்ததும் அந்த 400 கிலோமீற்றரும் அளவுக்குள் அடங்காததாயிற்று. கைதடியின் வாசலை ஒட்டிச் செல்லும் ஏ9 வீதி போர்க்காலத்தின் பெரும்பகுதியில் மூடிக் கிடந்தது. 2002இல் போர்நிறுத்தத்தோடு திறந்தது. 2006 ஆகஸ்டில் மறுபடி மூடியது. ஒரு பிள்ளையின் கல்வி ஒரே ஒரு கட்டடத்தில் தங்கியிருந்தால், அந்தக் கட்டடத்துக்குச் செல்லும் பாதை அடைபடும் நாளில் கல்வியும் அடைபடும். அருகிலுள்ள சாதாரண பாடசாலையில் பெயர் பதிந்திருந்த பிள்ளைகள் இடம்பெயர்ந்தபோது, போன இடத்துப் பாடசாலையில் மரநிழலிலாவது படித்தார்கள். விசேட பாடசாலையை மட்டும் நம்பியிருந்த பிள்ளைக்குப் போன இடத்தில் எதுவும் இருக்கவில்லை.

மாற்று வழி தெரியாமல் இருந்தது என்றும் சொல்ல முடியாது. 1960களின் இறுதியிலேயே இலங்கைக் கல்வி அமைச்சு, பார்வையற்ற பிள்ளைகளைச் சாதாரண பாடசாலைகளில் சேர்க்கும் ஒருங்கிணைப்புத் திட்டத்தைத் தொடங்கிவிட்டது. ஆசியாவில் இதை முன்கூட்டியே முயன்ற நாடுகளில் இலங்கையும் ஒன்று. சுன்னாகம் வாழ்வகம் போன்ற இல்லங்களின் பிள்ளைகள் அயலிலுள்ள சாதாரண பாடசாலைகளில் படித்துப் பல்கலைக்கழகம் வரை சென்றிருக்கிறார்கள். விடுதி ஓரிடம், வகுப்பறை ஊராரோடு என்ற அந்த ஏற்பாடு, இடைக்கால வழியாக எவ்வளவு பயன் தரும் என்பதை யாழ்ப்பாணத்தார் நன்கு அறிவார்கள். ஆயினும் பரவலாக நடந்தது வேறு. சாதாரண பாடசாலைகளின் வளவுக்குள் ‘விசேட கல்வி அலகு’ என்ற ஒற்றை அறைகள் திறக்கப்பட்டன. ஏழு வயதுப் பிள்ளையும் பதினைந்து வயதுப் பிள்ளையும், காது கேளாதவரும் அறிவுவளர்ச்சி தாமதமானவரும், ஓட்டிசம் உள்ளவரும் ஓர் ஆசிரியரிடம், ஓர் அறையில். காலைக் கூட்டத்தில் ஒன்றாக நிற்பார்கள், அதன்பின் கதவு வேறு. அலகிலிருந்து பொது வகுப்புக்கு மாற்றுவதே நோக்கம் என்று ஏடுகளில் இருக்கும். மாற்றம் நடக்காத ஆண்டுகளே அதிகம். தரம் ஏறாத, பாடவிதானம் முழுமையாகத் தொடாத, க.பொ.த. சாதாரண தரத்தை எட்டாத ஒரு பாடசாலை வாழ்வு அங்கே கழிகிறது. இதை உட்படுத்தல் என்று கணக்கெழுதுவது தவறு. வளவு ஒன்றாக இருப்பதால் பிரிப்பு இல்லாமற் போவதில்லை.

2012 குடிசன மதிப்பீட்டின்படி இலங்கையில் ஐந்து வயதுக்கு மேற்பட்டோரில் 8.7 வீதத்தினர், அதாவது 16 இலட்சத்துக்கும் மேற்பட்டோர், ஏதோவொரு இயலாமையுடன் வாழ்கிறார்கள். அதே கணக்கெடுப்பின் தரவை வைத்து யுனிசெப் காட்டியது இது: இயலாமையுள்ள 5 முதல் 14 வயதுப் பிள்ளைகளில் 23.5 வீதத்தினர் பொதுக் கல்விக்கு வெளியே இருந்தார்கள். 15 முதல் 19 வயதில் பாதிக்கும் மேற்பட்டோர் எந்தக் கல்விச் செயற்பாட்டிலும் இல்லை. பாடசாலை செல்வது ஏறத்தாழ எல்லாப் பிள்ளைகளுக்கும் வழக்கமாகிவிட்ட நாட்டில் இது. உலகளவில் யுனிசெப் 2021இல் வெளியிட்ட மதிப்பீட்டில் இயலாமையுள்ள பிள்ளைகள் கிட்டத்தட்ட 24 கோடி. ஏனைய பிள்ளைகளோடு ஒப்பிட்டால், ஒருநாளும் பாடசாலை வாசலை மிதிக்காமற்போகும் வாய்ப்பு அவர்களுக்கு 49 வீதம் அதிகம். யுனெஸ்கோவின் 2020 உலகக் கல்விக் கண்காணிப்பு அறிக்கை, நாடுகளில் கால்வாசியின் சட்டங்கள் இன்னும் தனி இடங்களில் கல்வி என்றே விதிக்கின்றன என்று கண்டது. இலங்கையின் சட்டம் அந்தக் கால்வாசியில் சேராது. நம் பிள்ளைகளை வெளியே நிறுத்துவது சட்டமல்ல என்பதால், காரணத்தை வேறிடத்தில் தேடவேண்டும்.

சட்டம் சொல்வதை ஒருமுறை சேர்த்து வாசிப்பது நல்லது. இயலாமையுடையோரின் உரிமைகளைப் பாதுகாக்கும் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டத்தின் 23ஆம் பிரிவு, இயலாமையைக் காரணமாக வைத்து எவரையும் எந்தக் கல்வி நிறுவனத்திலும் அனுமதிப்பதில் பாகுபாடு காட்டக்கூடாது என்கிறது. 1997இல் கொண்டுவரப்பட்ட கட்டாய வரவு ஒழுங்குவிதி 5 முதல் 14 வயதுவரை எல்லாப் பிள்ளைகளும் பாடசாலை செல்லவேண்டும் என்றது. 2016இல் அந்த வயது 16 ஆயிற்று. இயலாமை பற்றிய தேசியக் கொள்கை 2003இல் வந்தது. பொதுக் கட்டடங்களில் எல்லோரும் நுழைந்து பயன்படுத்தும் வசதி வேண்டும் என்ற ஒழுங்குவிதி 2006இல் வந்தது. அது ஏட்டளவில் கிடந்தபோது ஒரு குடிமகனின் அடிப்படை உரிமை மனுவின்மேல் உயர் நீதிமன்றம் 2009 ஏப்ரலில் கட்டளை பிறப்பித்தது. இயலாமையுடையோரின் உரிமைகள் பற்றிய ஐ.நா. சமவாயத்தில் 2007இல் ஒப்பமிட்ட இலங்கை 2016 பெப்ரவரியில் அதை ஏற்புறுதி செய்தது. அதன் 24ஆம் உறுப்புரை, பிள்ளை தான் வாழும் சமூகத்திலேயே பிறரோடு சமமாகக் கற்கவேண்டும் என்று தெளிவாகச் சொல்கிறது. இத்தனையும் இருக்க, மறுப்பு எப்படி நடக்கிறது? வாய்வழியாக நடக்கிறது. ‘எங்களிடம் பயிற்றப்பட்ட ஆசிரியர் இல்லை, பிள்ளைக்குத்தான் கஷ்டம், நல்ல இடமாகப் பாருங்கள்’ என்று அதிபர் அலுவலகத்தில் கனிவோடு சொல்லப்படும் வார்த்தைகள் எந்தப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை. பதிவாகாத மறுப்பை எதிர்த்து மேன்முறையீடு செய்யவும் முடியாது, அதைக் கணக்கெடுத்து அமைச்சைக் கேள்வி கேட்கவும் முடியாது. அனுமதி கிடைக்காத மற்றைய பிள்ளைகளின் பெற்றோருக்கு முறையீட்டுச் சபை இருக்கிறது, புள்ளிப் பட்டியல் இருக்கிறது. இந்தப் பெற்றோருக்கு ஒரு துண்டுக் கடிதம்கூட இல்லை.

இனி எதிர்வாதங்கள். அவற்றில் வலுவானவை உண்டு. அவற்றைத் தட்டிக் கழிப்பது பிள்ளைகளுக்குச் செய்யும் நன்மை ஆகாது. ‘சேர்த்துப் படிப்பித்தால் பிள்ளை உண்மையில் கூடுதலாகக் கற்கிறதா?’ என்ற கேள்வியை முதலில் எடுக்கலாம். ஹாவர்ட் பல்கலைக்கழகத்தின் தோமஸ் ஹெகியரும் சகாக்களும் 2016இல் 25 நாடுகளின் 280 ஆய்வுகளைத் தொகுத்து, ஆம் என்றார்கள். மொழியிலும் கணிதத்திலும் முன்னேற்றம் கூடுதல். உடன் படிக்கும் ஏனைய பிள்ளைகளுக்குப் பாதிப்பில்லை, சிறு நன்மையே உண்டு. ஆனால் கேம்பல் கூட்டமைப்பின் நெறிமுறைப்படி 2022இல் வெளிவந்த, தெரிவில் மிகவும் கண்டிப்பான தொகுப்பாய்வு அவ்வளவு உறுதியாகச் சொல்லவில்லை. சராசரியில் உட்படுத்தல் கற்றலைக் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை என்பதே அதன் முடிவு. உட்படுத்தலை ஆதரிப்போர் இந்த இரண்டாவது ஆய்வைப் பேசாமல் கடந்துவிடுவதைக் காண்கிறோம். அது வேண்டாத பயம். சராசரி பூச்சியம் என்றால், எந்த அறையில் அமர்ந்திருக்கிறது என்பது மட்டும் பிள்ளைக்கு எதையும் கற்பிப்பதில்லை என்று பொருள். கற்பிப்பது ஆசிரியரும் ஆதரவும்தான். அதே முடிவுக்கு இன்னொரு பொருளும் உண்டு. பிரித்து வைப்பதாலும் கற்றலில் சராசரி இலாபம் எதுவும் இல்லை. அப்படியானால் ஆறு வயதில் பெற்றோரைப் பிரிந்து விடுதிக்குப் போவதையும், ஊர்ப் பிள்ளைகளின் முகம் தெரியாமல் வளர்வதையும், ஊருக்குத் திரும்பும்போது அந்நியராக நிற்பதையும் எந்த இலாபத்தைக் காட்டி நியாயப்படுத்துவது? நிரூபிக்கும் பொறுப்பு பிரிப்பவரிடம் போகிறது. தவிரவும் அந்த ஆய்வுகள் ஒப்பிடுவன செல்வந்த நாடுகளின் நன்கு வளமூட்டப்பட்ட தனிவகுப்புகளை. நம்மிடம் ஒப்பீட்டின் மறுபக்கத்தில் நிற்பவை கலவையான ஒற்றை அறையும், பல பிள்ளைகளுக்கு வீடும்தான்.

இங்கே மேரி வார்னொக்கின் பெயரைச் சொல்லாமல் விடுவது நேர்மையல்ல. பிரித்தானியாவில் சேர்த்துக் கற்பித்தலுக்கு வழிவகுத்த 1978ஆம் ஆண்டு அறிக்கை அவர் தலைமையில் எழுதப்பட்டது. அவரே 2005இல், கருத்து நடைமுறையில் போன போக்கைக் கடுமையாக விமர்சித்து மீள்பரிசீலனை வேண்டும் என்று எழுதினார். பெரிய பாடசாலைகளில் பல பிள்ளைகள், குறிப்பாக ஓட்டிசம் உள்ளவர்கள், கேலிக்கும் தனிமைக்கும் ஆளாவதை அவர் சுட்டிக்காட்டினார். ஒரே கூரைக்குக் கீழ் இருப்பதைவிட, கற்றல் என்ற பொது முயற்சியில் பிள்ளை உண்மையாகப் பங்கேற்கிறதா என்பதே முக்கியம் என்றார். இது பாரதூரமான விமர்சனம். ஆதரவு இல்லாமல் பிள்ளையைப் பொது வகுப்பில் உட்காரவைத்துவிட்டுக் கடமை முடிந்தது என்பது கைவிடுதலின் இன்னொரு வடிவம். ஆனால் வார்னொக் கண்ட காயம் சேர்ப்பினால் வந்ததா, ஆதரவின்றிச் சேர்த்ததால் வந்ததா என்று பிரித்துப் பார்க்க இத்தாலி உதவுகிறது. 1977இல் 517ஆம் இலக்கச் சட்டத்தால் விசேட வகுப்புகளை ஒழித்தபோது இத்தாலி வெறும் அறிவிப்போடு நிற்கவில்லை. ஆதரவு ஆசிரியர் என்ற பதவியை உருவாக்கியது. இயலாமையுள்ள பிள்ளை இருக்கும் வகுப்பில் மொத்தம் 20 பிள்ளைகளுக்கு மேல் கூடாது என்றது. ஏறக்குறைய அரை நூற்றாண்டாக அந்நாட்டின் இத்தகைய பிள்ளைகள் மிகப் பெரும்பாலும் சாதாரண பாடசாலைகளிலேயே படிக்கிறார்கள். குறைகள் இல்லாமல் இல்லை: தகுதிபெற்ற ஆதரவு ஆசிரியர் போதாமை, ஆண்டுதோறும் ஆள் மாறுதல் என்று முறைப்பாடுகள் ஓயவில்லை. எனினும் பழைய பிரிப்புக்குத் திரும்பவேண்டும் என்ற குரல் அங்கே பெருங்குரலாக எழவில்லை. வகுப்பின் அளவும் ஆசிரியர் பணியிடமும் சட்டத்திலேயே எழுதப்பட்டதுதான் வித்தியாசம். இந்தியாவும் இதைத் தாமதமாக உணர்ந்தது. 2021இல் உச்ச நீதிமன்றம் தலையிட்ட பிறகு, 2022இல் தொடக்க வகுப்புகளில் இத்தகைய 10 பிள்ளைகளுக்கு ஒரு விசேட ஆசிரியர், மேல் வகுப்புகளில் 15 பேருக்கு ஒருவர் என்று விகிதம் அறிவிக்கப்பட்டது. நிரப்பப்படாத பணியிடங்கள் ஏராளம் இருக்கலாம். ஆனால் எண் எழுதப்பட்டுவிட்டால் பற்றாக்குறையை எண்ணிக் காட்டலாம், வழக்குத் தொடரலாம்.

எனக்கு மிகவும் கனமாகப் படுவது செவிப்புலனற்றோரின் எதிர்வாதம். காது கேளாத பிள்ளைகளில் பத்தில் ஒன்பது பேருக்கும் மேற்பட்டோர் கேட்கும் பெற்றோருக்குப் பிறக்கிறார்கள். வீட்டில் சைகை மொழி இல்லை. அதைச் சரளமாகப் பேசும் பிள்ளைகளும் பெரியவர்களும் சேர்ந்திருக்கும் இடம் பெரும்பாலும் செவிப்புலனற்றோர் பாடசாலைதான். அப்படிப்பட்ட பிள்ளையைச் சைகை தெரியாத நாற்பது பேரோடு உட்காரவைப்பது மௌனத்துக்குள் தள்ளுவதாகும். 1880இல் மிலான் நகரில் கூடிய கல்வியாளர் மாநாடு, சைகையை விலக்கி வாய்ப்பேச்சு முறையையே ஏற்றது. அதன் விளைவாகப் பல நாடுகளில் தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகள் முழுமையான மொழி எதுவுமின்றி வளர்ந்தார்கள். கேட்பவர்கள் நல்லெண்ணத்தோடு எடுத்த முடிவு அது. உட்படுத்தலின் பெயரால் அதே தவறு திரும்பக்கூடாது. ஐ.நா. சமவாயமும் இதை அறிந்தே, சைகை மொழியையும் செவிப்புலனற்றோர் சமூகத்தின் மொழி அடையாளத்தையும் கல்வியில் பேணவேண்டும் என்று தனியாக எழுதியிருக்கிறது. ஆகவே இரத்மலானையும் கைதடியும் மூடப்படவேண்டும் என்று யாரும் சொன்னால் அதை எதிர்ப்பேன். அவை சைகை மொழியின் தாயகங்களாகவும், ஆசிரியர்களைப் பயிற்றும் நிலையங்களாகவும், அயல் பாடசாலைகளுக்கு ஆளனுப்பும் மையங்களாகவும் வலுப்பெற வேண்டும். ஆனால் மொழிக்காக ஒன்றுகூட வேண்டிய பிள்ளைகளின் நியாயத்தைக் கடன் வாங்கி, சக்கர நாற்காலியில் வரும் பிள்ளையையும் பார்வை குறைந்த பிள்ளையையும் வாசிப்பு இடர்ப்பாடு உள்ள பிள்ளையையும் விலக்கி வைப்பது வேறு விடயம். சக்கர நாற்காலிப் பிள்ளைக்கு வேண்டியது ஒரு சாய்தளமும், உள்ளே நுழையக்கூடிய ஒரு மலசலகூடமும், கீழ்த்தளத்தில் ஒரு வகுப்பறையும் மட்டுமே.

ஆசிரியர்களின் எதிர்வாதம் இன்னொரு பக்கம். ஒரு வகுப்பில் முப்பத்தைந்து, நாற்பது பிள்ளைகள். தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சை முடிவு வரும் நாளில் ஆசிரியரின் பெயர் ஊரில் உயர்வதும் தாழ்வதும் பெறுபேற்றைக் கொண்டுதான். மெதுவாகக் கற்கும் பிள்ளை ஒன்று வகுப்பில் இருந்தால் மற்றவர்களின் புள்ளி விழுந்துவிடும் என்று பெற்றோர் அஞ்சுகிறார்கள். அந்த அச்சத்துக்கு ஆதாரம் இல்லை. 2017இல் வெளியான, 47 ஆய்வுகளைத் திரட்டிய பகுப்பாய்வு, விசேட தேவையுடைய பிள்ளைகளோடு படிப்பதால் ஏனையோரின் கற்றல் பாதிக்கப்படவில்லை, சிறு அளவில் கூடியே இருந்தது என்று கண்டது. ஆசிரியரின் சுமை மட்டும் உண்மையானது, அதற்குத் தீர்வு வேண்டும். மகரகமை தேசிய கல்வி நிறுவகமும் நாவலைத் திறந்த பல்கலைக்கழகமும் விசேட கல்வியில் பயிற்சி அளிக்கின்றன. ஆனால் அந்தப் பயிற்சி ஒரு தனி வகை ஆசிரியருக்கு உரியதாகக் கருதப்படும்வரை, பொது வகுப்பு ஆசிரியர் ‘இது என் வேலையல்ல’ என்று எண்ணுவதில் வியப்பில்லை. ஆசிரியர் பயிற்சி பெறும் ஒவ்வொருவரும் பிரெயிலைப் பார்த்துப் பழகியிருக்கவேண்டும், எளிய சைகைகள் அறிந்திருக்கவேண்டும், ஒரே பாடத்தை மூன்று விதமாகச் சொல்லப் பழகியிருக்கவேண்டும். மெதுவாகக் கற்பவருக்கென்று தயாரித்த பாடம் பின்வாங்கிலில் பேசாமல் அமர்ந்திருக்கும் பிள்ளைக்கும் விளங்கும்.

பரீட்சையைக் காரணம் காட்டுவோர் ஒன்றைக் கவனிக்கவேண்டும். பரீட்சைத் திணைக்களம் இயலாமையுள்ள பரீட்சார்த்திகளுக்கு மேலதிக நேரம் கொடுக்கிறது, எழுத்துதவியாளரை அனுமதிக்கிறது, பிரெயில் வினாத்தாள் தருகிறது. நாட்டின் மிகக் கண்டிப்பான நிறுவனங்களில் ஒன்று தன் விதிகளை இவர்களுக்காக வளைத்துக் காட்டியிருக்கிறது. கடைசி வாசலான பரீட்சை மண்டபம் ஏற்றுக்கொள்ளும் பிள்ளையை முதல் வாசலான தரம் 1 திருப்பி அனுப்புவதற்கு நியாயம் இல்லை.

பணம் இல்லை என்பது 2022 நெருக்கடிக்குப் பின் எல்லோருக்கும் எளிதான விடை. கல்விக்கு மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 4 முதல் 6 வீதம் ஒதுக்கவேண்டும் என்பது சர்வதேச இலக்கு. இலங்கை நெடுங்காலமாக 2 வீதத்தை ஒட்டியே நிற்கிறது. பணம் குறைவு என்பது மெய். ஆனால் இருக்கும் பணம் எதைத் தொடர்ந்து செல்கிறது என்பதே என் கேள்வி. இப்போது அது கட்டடங்களைத் தொடர்கிறது. அது பிள்ளையைத் தொடரட்டும். இரண்டு மூன்று பாடசாலைகளுக்குச் சுற்றிவரும் ஆதரவு ஆசிரியர் என்ற வடிவில், வலயக் கல்வி அலுவலகத்தில் பொதுவாக வைத்திருக்கும் பிரெயில் அச்சு இயந்திரம் என்ற வடிவில். தொழில்நுட்பமும் செலவைக் குறைத்திருக்கிறது. பார்வையற்ற இரு அவுஸ்திரேலியர்கள் 2006இல் உருவாக்கத் தொடங்கிய என்விடிஏ திரைவாசிப்பான் இலவசம், தமிழையும் வாசிக்கும். ஒரு பழைய மடிகணினியும் அந்த மென்பொருளும் இருந்தால், முன்பு இரத்மலானைக்கோ கைதடிக்கோ போய்த்தான் பெறவேண்டியிருந்த வாசிப்பு வெள்ளவத்தை வகுப்பறையிலேயே கிடைக்கும். மேரி சப்மனின் காலத்துத் தட்டுப்பாடு இன்று அதே அளவில் இல்லை. அதிலிருந்து பிறந்த ஒழுங்கு மட்டும் மாறாமல் இருக்கிறது.

கொழும்புத் தமிழ்ப் பிள்ளையின் நிலைக்குத் தனிக் கவனம் வேண்டும். வடகிழக்கில் தமிழ் மொழிமூலம் பெரும்பான்மை என்பதால் தமிழில் விசேட கல்வி பயின்ற ஆசிரியர்களும் பெரும்பாலும் அங்கேயே பணியாற்றுகிறார்கள். யாழ்ப்பாணத்தில் அறிவுவளர்ச்சிக் குறைபாடுள்ள பிள்ளைகளுக்குக் கோண்டாவில் சிவபூமிப் பாடசாலை இருக்கிறது. தலைநகரில் பேச்சுப் பயிற்சி, நடத்தைப் பயிற்சி தரும் தனியார் நிலையங்கள் பெருகியிருக்கின்றன. அவற்றின் மொழி பெரும்பாலும் ஆங்கிலம், அல்லது சிங்களம், கட்டணமோ நடுத்தரக் குடும்பத்தையே நெரிப்பது. 2009இல் வெளியான ஓர் இலங்கை ஆய்வு, பரிசோதித்த சிறு குழந்தைகளில் 93 பேருக்கு ஒருவர் என்ற அளவில் ஓட்டிசத்தைக் கண்டது. மூன்று வயதில் பேசத் தொடங்கத் தடுமாறும் பிள்ளைக்கு வீட்டில் தமிழ், பயிற்சியில் ஆங்கிலம், வெளியில் சிங்களம் என்று ஆகும்போது, ‘வீட்டிலும் தமிழை விட்டுவிடுங்கள்’ என்ற ஆலோசனையும் சேர்ந்து வருகிறது. அம்மம்மாவோடு பேச மொழியில்லாத பிள்ளை எந்தப் பொருளில் உட்படுத்தப்பட்ட பிள்ளை? மேல் மாகாணத்தின் தமிழ் மொழிமூலப் பாடசாலைகளுக்குப் பொதுவாக, சுற்றிவரும் தமிழ் ஆதரவு ஆசிரியர் குழு ஒன்றை நியமிப்பது பெருஞ்செலவு பிடிக்கும் காரியமல்ல. அதைக் கேட்க ஓர் அமைப்பும் எழவில்லை என்பதே உண்மை நிலை. காணி, மொழி, வேலைவாய்ப்பு பற்றி நம் அரசியல் எழுப்பிய குரலில் இந்தப் பிள்ளைகள் இடம்பெறவே இல்லை.

செய்யவேண்டியவற்றில் முதலாவதுக்குப் பணமே வேண்டாம். தரம் 1 அனுமதிச் சுற்றுநிருபத்தில் ஒரு பந்தி சேர்க்கவேண்டும்: இயலாமையுள்ள பிள்ளையின் விண்ணப்பத்தை அண்மைப் பாடசாலை பதிவு செய்யவேண்டும், மறுத்தால் காரணத்தை எழுத்தில் கொடுக்கவேண்டும், அதன் பிரதி வலயக் கல்வி அலுவலகத்துக்குச் செல்லவேண்டும். அந்தக் கடிதங்கள் சேரும்போது, எந்த வலயத்தில் எத்தனை பிள்ளைகளுக்கு எந்த ஆதரவு இல்லை என்ற கணக்கு நாட்டுக்கு முதன்முறையாகக் கிடைக்கும். ஆசிரியர் நியமனமும் கட்டட ஒதுக்கீடும் அந்தக் கணக்கைப் பின்பற்றலாம். வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, இரத்மலானைத் தமிழ்ப் பாடசாலைகளின் பழைய மாணவர் சங்கங்களுக்கு, குறிப்பாக இலண்டனிலும் ரொறன்ரோவிலும் சிட்னியிலும் கூடுபவர்களுக்கு, ஒரு வேண்டுகோள்: அடுத்த முறை பாடசாலைக்குப் பணம் அனுப்பும்போது நுழைவாயில் வளைவுக்கு முன் ஒரு சாய்தளத்துக்கும் ஒரு மலசலகூடத்துக்கும் ஓர் ஆதரவு ஆசிரியரின் ஓராண்டுச் சம்பளத்துக்கும் அனுப்புங்கள். பெற்றோருக்கும் ஒன்று சொல்லவேண்டும். அதிபர் இல்லை என்றால் அதை எழுதித் தரும்படி கேளுங்கள். தர மறுத்தால் நீங்களே திகதியிட்டு எழுதிப் பதிவுத்தபாலில் அனுப்பி, சிட்டையை வைத்துக்கொள்ளுங்கள். 1996ஆம் ஆண்டுச் சட்டம் மாகாண மேல் நீதிமன்றத்தில் முறையிடும் வழியை உங்களுக்குத் தந்திருக்கிறது.